நாபுக்கு நாப் சந்தனம்

பரணிதரன் அந்தப் பெட்டியை என் வீட்டு மேசையில் வைத்தபோதே எனக்குக் குமட்டியது. சத்தம் வருவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. வார்னிஷும் ஈயப் பற்றும் கலந்த நாற்றம். பிளைவுட் உடம்பு. பழைய சூட்கேசிலிருந்து கழற்றிய கைப்பிடி. குழந்தைகள் விளையாடும் கீபோர்டிலிருந்து பிடுங்கிய கட்டைகள். மேலே, சந்தையில் கத்தரிக்காய் பரப்பியதுபோல, இருபதுக்கும் மேற்பட்ட திருகு நாப்கள்.

“அனலாக் சிந்தசைசர் சார். முழுக்க என் கைவேல. பேட்டரிலயும் ஓடும். தோள்ல மாட்டிக்கினு எங்க வேணா போலாம். வூட்ல வாசிக்கிறவங்களுக்குன்னே பண்ணது, சாதா கீபோர்டு வெலைல பாதிதான்.”

“போட்டுக் காட்டு.”

போட்டான். தகர ஷெட்டுக்குள் மாட்டிய வண்டு தன் பெண்டாட்டியைத் திட்டுவதுபோல் இருந்தது.

அவன் ஏன் என்னிடம் வந்தான் என்று சொல்லிவிடுகிறேன். நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். சனி ஞாயிறுகளில் செங்கல்பட்டு மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு. மாதம் ஒருமுறை, அச்சடித்தவரே பாதிப் பிரதியை வைத்திருக்கும் ஓர் இசைப் பத்திரிகையில் கருவிகளுக்கு மதிப்புரை. என் வாசிப்பைக் கேட்டவர்கள் எழுத்தே மேல் என்பார்கள். எழுத்தைப் படித்தவர்கள் வாசிப்பே மேல் என்பார்கள். இப்படிப்பட்ட ஆளின் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையில்தான் பரணி தன் வாழ்க்கையை மாட்டி வைத்திருந்தான்.

“விஜயதசமி அன்னிக்கு வர்றேன் சார். நீங்க நல்லாக் கீதுன்னா வேலைய வுட்டுடுவேன், இதையே தொழிலாப் பண்ணுவேன். இல்லன்னா பரண்ல போட்டுட்டு ஒழுங்கா ஆபீஸ் போவேன். உங்க காது பொய் சொல்லாது.”

வேலை என்பது கல்பாக்கத்தில் மத்திய அரசு வேலை. கருங்குழியில் நெல்லும் கரும்பும் போட்ட குடும்பத்தில் முதன்முதலாக ஐ.டி. கார்டு கழுத்தில் மாட்டியவன் அவன்.

மறுநாளே அவன் மனைவி லோகநாயகி போன் செய்தாள்.

“அண்ணா, நல்லால்லன்னு சொல்லிடுங்கண்ணா. உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன். குவார்ட்டர்ஸு, ஆஸ்பத்திரி, புள்ளைங்க ஸ்கூலு, அல்லாமே அந்த வேலைலதான் கீது.”

“கவலப்படாதம்மா. இதுக்குப் பொய்யே தேவையில்ல” என்றேன்.

உண்மையைச் சொல்வதும் உதவி செய்வதும் ஒன்றாகவே அமைவது என் வாழ்க்கையில் அபூர்வம். சந்தோஷமாகச் சோதனையில் இறங்கினேன்.

முதல் சோதனை மாமல்லபுரத்தில். கடலோர ஹோட்டல் ஒன்றின் புல்வெளியில் எங்கள் குழுவுக்குக் கச்சேரி. பெட்டியைக் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். எளிதாகச் சுமக்கலாம் என்றானே, திருக்கழுக்குன்றம் வருவதற்குள் தோள்பட்டையில் கயிற்றுத் தடம் விழுந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் “உள்ள கோழியா?” என்று கேட்டார். கோழியாக இருந்திருந்தால் குழம்பாவது வைத்திருக்கலாம்.

புல்வெளியில் உப்புக்காற்று பட்டதும் கட்டைகள் பிசுபிசுத்தன. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். மூன்று கட்டையைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று மட்டும் கத்தும், மற்ற இரண்டும் யாரோ எவரோ என்று இருக்கும். அதுகூடப் பரவாயில்லை. சுருதி நிற்கவில்லை. பாட்டு ஆரம்பித்த இடத்திலிருந்து, வெயிலில் வைத்த ஐஸ்கிரீம் மாதிரி மெல்ல வழிந்து கீழே போனது. அதைத் துரத்திக்கொண்டு பாடகி ரெபேக்காளும் கீழே போனாள். சரணத்துக்கு வரும்போது ஆண்குரலாகிவிட்டாள்.

“அண்ணாத்த, இன்னா இது? பூனைக்குப் பேதி புடிச்சா மாறி கீது!” என்று மைக்கை மூடாமலே கேட்டாள்.

முன்வரிசை வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து பின்வரிசைக்குப் போனார்கள். இறால் வறுவலைப் பாதியில் வைத்துவிட்டு. எனக்கு அந்த இறாலைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பெட்டியைக் கடலில் வீசலாம் என்று யோசித்தேன். மீன்கள் என்ன பாவம் செய்தன?

வீட்டில் இன்னும் மோசம். ஃபேன் போட்டால் ஒரு சுருதி, நிறுத்தினால் இன்னொன்று. மதிப்புரை மனதுக்குள் தயாராகிவிட்டது. ‘இதை வாங்குகிறவர் வீட்டில் இசை வளராது, விவாகரத்து வளரும்.’ இந்த வரியை என் மனைவி விஜயகுமாரியிடம் சொல்லிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. “அதுக்கு இந்தப் பொட்டி எதுக்கு, நீங்க வாசிக்கிறதே போதுமே” என்றாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. வேறு வேலை இல்லாத எரிச்சலில் பெட்டியைப் பேட்டரியில் போட்டு, நாப்களை இஷ்டத்துக்குத் திருகினேன். பேட்டரி சாகப்போகிற நிலை.

ஒரு சத்தம் வந்தது.

எப்படிச் சொல்வது? நன்றாக அழுது முடித்தவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, ‘ஒண்ணுமில்ல, நீ சாப்பிடு’ என்று சொல்வாரே, அந்தக் குரல். ஒவ்வொரு சுரமும் முடிகிற இடத்தில் கொஞ்சம் துவண்டு, பிறகு தன்னைத்தானே நிமிர்த்திக்கொண்டது. இருபது வருடமாக நான் தொட்ட எந்தக் கீபோர்டிலும் அது இல்லை. மூன்று நிமிடம் வாசித்திருப்பேன். விஜயகுமாரி சமையலறையிலிருந்து வந்து, கையில் கரண்டியோடு நின்றாள். பிறகு கரண்ட் வந்தது, ஃபேன் சுற்றியது, வண்டு திரும்பி வந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. சனியன், முழுக்கக் கேவலமாக இருந்துவிட்டுப் போகக் கூடாதா? இனி லோகநாயகிக்கு உதவினால் அது பொய். இருந்தாலும் முடிவு செய்தேன்: மூன்று நிமிடத்துக்காக ஒருவன் குவார்ட்டர்ஸை விடக் கூடாது. மோசம் என்றே சொல்வேன். எனக்காக மட்டும், புதுப் பேட்டரி போட்டு, இன்னொரு முறை கேட்டுவிட்டு. நாப்களைத் தொடாமல் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

மறுநாள் பொரியும் வாழைக்கன்றும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், பெட்டி சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. என் டி.வி.எஸ். ஃபிப்டி, தையல் மெஷின், அருவாமணை எல்லாவற்றுக்கும் நடுவில், ஈரத்துணியால் பளபளவென்று துடைக்கப்பட்டு, ஒவ்வொரு நாபுக்கும் தனித்தனியே சந்தனம், குங்குமம்.

“நாப்பத் திருப்பினியா?” என்று விஜயகுமாரியிடம் கேட்டேன்.

“ஒண்ணு அந்தப் பக்கம், ஒண்ணு இந்தப் பக்கம் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருந்துச்சு. பொட்டு வைக்க வாகா அல்லாத்தையும் ஒரே பக்கமா வச்சேன்.”

அந்தப் பெட்டிக்குள் ஞாபகம் என்று எதுவும் கிடையாது. நாப்கள் நிற்கும் நிலைதான் சத்தம். நிலை போனால் சத்தம் போச்சு. நான் கையை நீட்டினேன்.

“சாமிகிட்ட வச்சத நாளைக்குக் காலைலதான் தொடணும்” என்றாள். தொடவில்லை. அவள் முன்னால் எனக்கு அவ்வளவுதான் வீரம்.

விஜயதசமிக் காலையில் கற்பூரம் அணைவதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். பரணி, புதுச் சட்டையில். பின்னால் லோகநாயகி, என்னைப் பார்த்த பார்வையிலேயே கும்பிட்டுக்கொண்டு.

“சொல்லுங்க சார்.”

சொல்லியிருக்க வேண்டும். “ஒரு நிமிஷம்” என்று பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். ஒரு நாபைத் திருகினேன். வண்டு. இன்னொன்று. மிக்ஸியில் ஆணி. கட்டைகளுக்கு நடுவே பொரி மாட்டி நறநறத்தது. காய்ந்த சந்தனம் விரலில் ஒட்டியது. காபி வந்தது, ஆடை படிந்தது. ஏப்பம், விக்கல், சளி என்று மனித உடம்பின் எல்லா அசிங்கமும் அந்தப் பெட்டியிலிருந்து வந்தது, அது மட்டும் வரவில்லை. விஜயகுமாரி இட்லித் தட்டோடு வந்து, திரும்பிப் போனாள்.

கடைசியில் நிமிர்ந்தேன். “சகிக்கல பரணி. ஆபீஸுக்குப் போ.”

அவன் முகம் விழுந்தது. ஆனால் அசையவில்லை.

“சரி சார். இவ்ளோ நேரமா இன்னா தேடினு இருந்தீங்க?”

விரல் நுனியில் இருந்த சந்தனத்தை வேட்டியில் துடைத்தேன்.

அடுத்துக் கேட்டது லோகநாயகி. “அண்ணா, இதுல எதுனா நல்ல சத்தம் இருந்துச்சா?”

இல்லை என்று சொன்னால் அவள் குவார்ட்டர்ஸ் பத்திரம். அவளே அந்த வழியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

“இருந்துச்சும்மா. முந்தாநாள். மூணு நிமிஷம்.”

“நானும் கேட்டேன்” என்றாள் விஜயகுமாரி, சமையலறையிலிருந்து.

லோகநாயகி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“யோவ், வேலைய வுடற பேச்சு வேணாம். மொதல்ல லீவு போடு. அந்தச் சத்தத்த நானும் கேக்கணும். கேட்டப்புறம் பேசலாம்.”

“எங்க கீதுன்னு எனக்கே தெரியாதுடி. இருபது நாப்புக்கு மேல கீது.”

“திருகு. நான் எங்கயும் போல.”

பரணி திருகினான். கழுத்தறுபட்ட வாத்து ஒன்று கூவியது. விஜயகுமாரி சமையலறைக் கதவைச் சாத்தினாள். லோகநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி, காதைத் திறந்து வைத்திருந்தாள்.

“இது இல்ல” என்றேன். “அடுத்தது.”