தானியேலைக் கடித்த சிங்கம்

விருத்தாசலத்துக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஞானப்பிரகாசம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற சாலையோரத்தில் இருந்த அந்தக் காலனியில் அவன் இரண்டு காரியங்களுக்குப் பேர்போனவன். ஒன்று, மூட்டை தூக்குவது. இன்னொன்று, பூசை நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்குவது.

எண்பத்து மூன்றாம் வருஷத் திருவிழாவுக்குச் சிங்கக் கெபியில் தானியேல் நாடகம் போடுவது என்று, கோயிலில் வேதபாடம் சொல்லித்தரும் உபதேசியார் முடிவு செய்தார். பாபிலோன் ராஜாவுக்கு ஆள் கிடைத்தது, மந்திரிகளுக்கு அடிதடியே நடந்தது. சைக்கிள் கடை பச்சைமுத்து, தேவதூதனான சம்மனசு வேஷத்துக்கு அட்டையில் இறக்கை வெட்ட ஆரம்பித்துவிட்டான். சிங்கத்துக்குத்தான் யாரும் வரவில்லை. நாலு காலில் நிற்க வேண்டும், வசனம் கிடையாது, உள்ளே புழுக்கம் வேறு.

"விருத்தாசலம் தொண்டைதான் அதுக்குச் சரி" என்றார் உபதேசியார். அவன் மனைவி லூர்துமேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒத்திகையில் சிங்கத்தின் வேலையைச் சொன்னார்கள். கெபியில், அதாவது சிங்கக் குகையில், படுத்திருக்க வேண்டும். தானியேல் வந்து விழுந்ததும் ஒரே ஒரு தரம் உறுமலாம். சம்மனசு வாயில் கை வைத்ததும் பூனைக்குட்டி மாதிரி சுருண்டுகொள்ள வேண்டும்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். வேதத்துல இருக்கறது அதான்."

"ஒரு டவுட்டு உபதேசியாரே. சிங்கம் நம்ம பக்கமா, எதிர்ப்பக்கமா?"

இந்தக் கேள்விக்காகவே இத்தனை வருஷம் காத்திருந்தவர் போல உபதேசியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று சொல்லியிருப்பது இயேசுநாதரைத்தான், ராஜாவுக்கெல்லாம் ராஜா என்று அதற்கு அர்த்தம் என்றார். விருத்தாசலம் நெஞ்சை நிமிர்த்தினான். ஆனால் அப்போஸ்தலர் இராயப்பர் எழுதின நிருபத்தில், யாரை விழுங்கலாம் என்று உறுமிக்கொண்டு அலைகிற சிங்கம் சாத்தான் என்றார். நெஞ்சு இறங்கிவிட்டது. சம்சோன் ஒரு சிங்கத்தை வெறுங்கையால் கிழித்துப் போட்டதையும், பிறகு அந்தச் செத்த உடம்பில் தேனீ கட்டிய கூட்டிலிருந்து தேன் எடுத்துத் தின்றதையும் சொன்னார். கடைசிக் காலத்தில் சிங்கம் மாட்டோடு சேர்ந்து வைக்கோல் தின்னும் என்று ஒரு தீர்க்கதரிசி சொல்லியிருப்பதையும் விடவில்லை.

"வைக்கோலா? அப்போ அது சக்கரபாணி நெலத்துக்குக் கூலிக்குப் போன சிங்கமா இருக்கும்" என்றான் விருத்தாசலம்.

எல்லோரும் சிரித்தார்கள். தானியேல் வேஷம் போடுகிற பெரியசாமி மட்டும் சிரிக்கவில்லை. சக்கரபாணியின் நிலத்துக்கு மேஸ்திரி அவர்தான். காலனியில் யாருக்கு நாளைக்கு வேலை, யாருக்கு இல்லை என்பது அவர் வாயில் இருந்தது. ஆகையால் தானியேல் வேஷம் அவருக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"ஒரே மிருகம் சாமியாவும் இருக்குது, சாத்தானாவும் இருக்குது. நான் எதுன்னு நெனைச்சிக்கினு படுக்கறது?"

"நீ ஒண்ணும் நெனைக்க வேணாம். வாயை மூடிக்கினு படு" என்றார் பெரியசாமி.

விருத்தாசலம் வாயை மூடிக்கொண்டான். மனசு மூடவில்லை. செடியிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆய்கிற வேலையின்போது, மடியில் மறைத்துக்கொண்டு போகிறாள் என்று சொல்லி, லூர்துமேரியை அத்தனை பேர் நடுவில் முந்தானையை அவிழ்த்து உதறிக் காட்டச் சொல்லியிருந்தார் இதே பெரியசாமி. உதறியதில் விழுந்தது பாதி வெற்றிலையும் ஒரு பாக்கும். "சரி, போ" என்று சிரித்தாராம். அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. கூட வேலை செய்த அஞ்சம்மாள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். கேட்டதற்கு, "விடுய்யா, வேலை குடுக்கறவரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து அவன் பார்க்கவில்லை.

சிங்கத் தலை வாங்க உபதேசியார் விழுப்புரத்துக்குப் போய்வந்தார். வேஷம் வாடகைக்கு விடுகிற கடையில் புலித் தலைதான் இருந்தது. அதற்குக் காவி பூசி, சுற்றிலும் தேங்காய் நாரை ஒட்டினார்கள். முழுக் கோணிச் சாக்கு உடம்பு, தாம்புக் கயிறு வால். வாய் மட்டும் நன்றாகத் திறந்திருந்தது.

கரண்டை நம்ப முடியாது என்று, பொழுது சாய்வதற்குள் நாடகத்தை முடிக்கச் சொல்லிவிட்டார் பங்குச் சாமியார். முன்வரிசையில் நாற்காலி போட்டுச் சக்கரபாணியை உட்கார வைத்திருந்தார்கள். பின்னால் பாயில் பெண்கள். மந்திரிகள் தானியேலைப் பிடித்துக் கெபியில் தள்ளினார்கள். பெரியசாமி பஞ்சுத் தாடியோடு விழுந்து, எழுந்து, கை கூப்பி ஜெபம் சொன்னார். விருத்தாசலம் ஒரு தரம் உறுமினான். இரண்டு கைக்குழந்தைகள் வீரிட்டன. சபாஷ் என்று யாரோ கத்தினார்கள்.

இப்போது சம்மனசு வர வேண்டும். வரவில்லை. பச்சைமுத்துவின் இறக்கை பந்தல் மூங்கிலில் மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து "இழுக்காதே, கிழிஞ்சிரும்" என்று குரல் மட்டும் வந்தது.

மேடையில் சும்மா நிற்க முடியாத பெரியசாமி சிங்கத்தின் முதுகில் ஒரு காலைத் தூக்கி வைத்து, இடுப்பில் கை கொடுத்துக்கொண்டார். கைதட்டல். சக்கரபாணியும் தட்டினார். அதில் குளிர்ந்துபோன தானியேல் காலை முதுகிலிருந்து எடுத்துச் சிங்கத்தின் தலையில் வைத்து அழுத்தினார். "அடங்கு, மிருகமே!" என்றார். அது வேதத்திலும் இல்லை, ஒத்திகையிலும் இல்லை.

புலியின் வாய் வழியாக விருத்தாசலம் வெளியே பார்த்தான். பாயில் உட்கார்ந்திருந்த லூர்துமேரி தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோரும் பார்க்கும்போது இப்படித்தான் அன்றைக்கும் குனிந்திருப்பாள் என்று அவனுக்குத் தோன்றியது. தலையை ஒரு உதறு உதறினான். வழுக்கிய கால் அவன் முகத்துக்கு நேராக இறங்கியது. கெண்டைக்கால். கவ்வினான்.

தானியேல் தீர்க்கதரிசி பாபிலோனில் ஒருநாளும் சொல்லியிருக்க முடியாத வார்த்தை ஒன்றைச் சொன்னார். மைக் அதைச் சாலைவரை கொண்டுபோனது. மயிலம் பஸ்ஸில் போனவர்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்கள். அந்த நேரம் பார்த்து, ஒற்றை இறக்கையோடு ஓடிவந்த பச்சைமுத்து, மனப்பாடம் செய்ததை வீணாக்காமல், "பயப்படாதே தானியேலே, சிங்கத்தின் வாயை நான் கட்டிவிட்டேன்!" என்று கையை உயர்த்தினான்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. உபதேசியார் திரையை இழுத்தார். அது பாதி தூரம்தான் வந்தது.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் என்ன கடித்தது என்று கேட்டார்கள். மனுஷன் என்று சொல்லப் பெரியசாமிக்கு வெட்கம். நாய் என்றார். எந்த நாய் என்று கேட்டதற்குத் தெரு நாய் என்றார். தொப்புளைச் சுற்றித் தினம் ஒரு ஊசி என்று எழுதிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து அவர் பிராது கொடுத்தார். விருத்தாசலம் கோயில் வாசலில் முட்டிபோட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்.

"ஏம்பா கடிச்சே?" என்று கேட்டார் சாமியார்.

"சாமி, சாமிதான் சிங்கம்னாங்க, சாத்தான்தான் சிங்கம்னாங்க. அந்த நேரத்துக்கு எது உள்ள இருந்திச்சின்னு எனக்கே தெரியல."

உபதேசியாருக்குப் பொறுக்கவில்லை. நாடகம் பாழானது அவருக்கல்லவா? "அறிவிருக்கா உனக்கு? தானியேல் குத்தமில்லாதவரு. அதனாலதான் சிங்கம் அவரைத் தொடல. இதுகூடத் தெரியாம வேஷங்கட்டினியா?"

"அப்போ தொட்டுச்சின்னா?" என்று பெண்கள் பக்கமிருந்து அஞ்சம்மாளின் குரல் கேட்டது.

எல்லாத் தலையும் பெரியசாமி பக்கம் திரும்பியது. உபதேசியார் தான் சொன்னதை ஒரு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

லூர்துமேரி எழுந்து நின்றாள். மல்லாட்டைக் களத்தில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அழவில்லை. வெற்றிலையைக்கூட விடவில்லை.

"நெஜமா?" என்றார் சாமியார்.

"இவளை மட்டுமா சாமி பண்ணேன்? எல்லாரையுந்தான் ஒதறச் சொன்னேன்" என்றார் பெரியசாமி, நியாயம் பேசுகிற நினைப்பில்.

அதோடு முடிந்தது. பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். சாமியார் மணியை அடித்துத்தான் அடக்க முடிந்தது. கடித்ததற்கு விருத்தாசலம் ஒரு வாரம் முட்டிபோட்டு ஜெபமாலை சொல்ல வேண்டும் என்றார். பெரியசாமி இனி எந்தப் பெண்ணின் மடியையும் அவிழ்க்கச் சொல்லக் கூடாது, இப்போதே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்.

பெரியசாமி தரையைப் பார்த்துக்கொண்டு, "மனசுல வச்சிக்காதே மேரி" என்றார்.

"வச்சிக்கினுதான் இருக்கறேன். ஊசியெல்லாம் முடியட்டும், பார்க்கலாம்" என்றாள் அவள்.

வீட்டுக்கு நடக்கும்போது விருத்தாசலம் கவலைப்பட்டான். இனிமேல் சக்கரபாணி நிலத்தில் தனக்கு வேலை இருக்காது, வளவனூர்ப் பக்கம் கரும்பு லாரிக்கு லோடு ஏற்றப் போகவேண்டியதுதான் என்றான்.  ஓடைப்பாலத்தின் நடுவில் வந்ததும் அவள் நின்றாள்.

"ஏய்யா, எப்பிடி இருந்திச்சி?"

"எது?"

"காலு."

அவன் யோசித்தான். "ஒரே மயிரு. தலைவலித் தைலம் வேற தடவிக்கினு இருந்தான், பேஜாரு புடிச்சவன். நாக்கு ஒரு நாளு பூரா எரிஞ்சிது."

லூர்துமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். சைக்கிளில் போன ஒருத்தன் இறங்கி நின்று என்னவோ ஏதோ என்று பார்த்தான்.

"ஒண்ணுமில்ல, நீ போ" என்றான் விருத்தாசலம் அவனிடம். அவள் சிரித்து முடிக்கட்டும் என்று தானும் பாலத்துச் சுவர் மேல் ஏறி உட்கார்ந்தான்.