ஏழாவது ஸ்லாட்டுக்கு எத்தனை கனெக்டர்?

1

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

கதை ஒரு கடிதத்தில் பிறந்தது. கனெக்டர் தயாரிக்கும் கம்பெனி எழுதியிருந்தது: ‘இந்த வகையை நிறுத்துகிறோம். இனி ஆயுசுக்கும் எத்தனை வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும்.’ ஆயுசுக்கும்! ஜோசியக்காரன்கூட இதற்கு ஒரு மாதம் அவகாசம் கேட்பான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை கொட்டிய ஒரு மாலையில், அந்த அலுவலகத்தின் நீண்ட…’

வேண்டாம். கனெக்டர் நனைந்தால் வீண்.

கடிதம் வந்தது, ஒரு லிஃப்ட் கம்பெனியில் ஆர்டர்களைத் திட்டமிடுகிறவரின் மேஜைக்கு. அவருக்கு ‘இருபத்தாறு’ என்று பட்டப்பெயர். சரக்கு எப்போது வரும் என்று யார் கேட்டாலும் “இருபத்தாறு வாரம்” என்பார். (ஒருமுறை சரக்கு வந்து சேர்வதற்குள், அதைக் கேட்டிருந்தவருக்குக் கல்யாணம், பதவி உயர்வு, வழுக்கை மூன்றும் வந்துவிட்டன. ஸ்டோரில் அடையாள அட்டை கேட்டார்கள்.)

3

அந்தக் கனெக்டர்கள் ஒரே ஒரு பேக்பிளேனுக்கானவை. பேக்பிளேன் என்றால் லிஃப்டை இயக்கும் பெட்டியின் பின்சுவராக நிற்கும் பெரிய பலகை. மற்ற போர்டுகளைச் செருக அதில் வரிசையாக ஸ்லாட்டுகள், ஸ்லாட்டுக்கு, போர்டைக் கவ்விப் பிடிக்க ஒரு கனெக்டர். நாற்பது கட்டடங்களின் லிஃப்டுகள் அதை நம்பித்தான் ஏறி இறங்கின. கனெக்டர் தீர்ந்தால் பழுதுபார்க்க முடியாது. இருபத்தாறின் மேலாளர் பலகையைப் பிடுங்கிவிட்டுப் புது மாடலை மாட்டிவிடுவார்.

அந்தப் பலகையை வரைந்தவர் இருபத்தாறின் மனைவி.

அப்போது மனைவி இல்லை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், அந்த மேடம் மேஜை நீளத்துக்கு ஒரு படத்தை விரித்தார். சுருண்ட மூலைகளின் மேல் இவர் நான்கு கனெக்டர்களை வைத்தார். மூலையில் ஃபாக்ஸ் மெஷின் கனைத்துக்கொண்டே தாளைத் துப்பியது. இருபத்தாறு பென்சில் முனையால் ஸ்லாட்டுகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். இன்னொரு தடவையும் எண்ணினார்.

“என்ன சார், ஏலத்துக்கா விடப்போறீங்க? எத்தனை தடவை எண்ணுவீங்க?”

“தப்பு வந்துடக் கூடாது பாருங்க மேடம்.”

(மூன்று முறை எண்ணியதற்குக் காரணம் கணக்கு இல்லை. அந்த மேடம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இது நானாகச் சேர்த்தது, இருந்தாலும் உண்மை.)

4

வியாழக்கிழமை, வீட்டில். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அந்த அம்மா திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

“நாலாயிரம் போடட்டுமா?”

“எதுக்கு? பேரப்பிள்ளைங்க வெச்சு விளையாடவா? உங்க மேலாளர் கையெழுத்தே போட மாட்டார்.”

“உன் போர்டும்மா. கனெக்டர் தீந்துட்டா குப்பையில போட்டுடுவாங்க.”

அந்த அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “ஏங்க, ஒண்ணு சொன்னா கத்தக் கூடாது.”

“சொல்லு.”

“ஏழாவது ஸ்லாட் எதுக்குமே இல்ல. அங்க வரவேண்டிய கார்டைக் கடைசி நேரத்துல வேண்டாம்னுட்டாங்க. நான் படத்துலேர்ந்து எடுக்க மறந்துட்டேன்.”

“அடிப்பாவி! இத்தனை வருஷமா அதுக்கும் சேர்த்து ஆர்டர் போட்டிருக்கேனே!”

“நீங்க எவ்ளோ ஆசையா எண்ணுவீங்க. எப்படிச் சொல்றது?”

இருபத்தாறு கத்தத்தான் வாயைத் திறந்தார். பாதியில் நின்றுவிட்டார். அப்படியானால் ஒவ்வொரு லிஃப்டிலும் ஏழாவது ஸ்லாட்டில், யாரும் தொடாத புத்தம்புதுக் கனெக்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கழற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஒன்றுகூட வாங்காமல் பலகை பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் ஆர்டர் படிவத்தில் காரணத்தை எழுத வேண்டுமே. எழுதினால், ஒரு தப்பும் செய்யாதவர் என்று அலுவலகமே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிற மனைவியின் பெயர் போய்விடும்.

5

முடிவு அ: பூஜ்யம் என்று எழுதிக் காரணத்தையும் எழுதுகிறார். பலகை வாழ்கிறது. கேன்டீனில் சிரிக்கிறார்கள்.

முடிவு ஆ: ஏழாவது ஸ்லாட்டைப் பற்றி இருபத்தாறு மூச்சு விடவில்லை. மேலாளர் “ஐம்பது போதும்” என்கிறார். அந்த அம்மாவின் பெயர் வாழ்கிறது. பலகை நாலு வருடத்தில் குப்பைக்குப் போகிறது.

முடிவு இ: அந்த அம்மாவே பேனாவைப் பிடுங்கி…

(இந்த வாக்கியத்தோடு மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன்.)

படிவத்தில் எண்ணிக்கைக்கான கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. எண்ணை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு விவரம் மட்டும் சொல்லிவிடுகிறேன்: போன வாரம் எங்கள் லிஃப்டைப் பழுதுபார்க்கத் திறந்தபோது, அந்தப் பலகையை நான் எட்டிப் பார்த்து எண்ணினேன். மொத்தமே ஆறு ஸ்லாட்தான். சந்தேகப்படுகிறவர்கள் இப்போதும் இறங்கிக்கொள்ளலாம்.