அட்டைப் படத்தில் கம்பு பிடித்தவர்

மனிதனுக்கு எத்தனையோ பைத்தியம் உண்டு. உபைதுக்குப் பிடித்தது விமானப் பைத்தியம். ஓட்டவும் வேண்டாம், ஏறிப் போகவும் வேண்டாம், அண்ணாந்து பார்த்துப் படம் பிடித்தால் போதும் அவனுக்கு. தி. நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் கண்ணுக்கு லென்ஸ் தேய்ப்பான். சாயங்காலமானால் தன் கண்ணைக் கொண்டுபோய் வானத்தில் ஒட்டிவைத்துவிடுவான்.

கரோலுக்கும் அதே வியாதிதான். சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நாற்பதைத் தாண்டியவள். மந்தைவெளியில் ஐந்து மாடி அபார்ட்மென்ட் ஒன்றின் நாலாவது மாடியில் குடியிருந்தாள். விமானப் படம் எடுக்கிறவர்கள் கூடும் இணையக் குழுவில் இரண்டு பேருக்கும் பழக்கம். தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து, மந்தைவெளிக்காரர்களின் தலைக்கு மேலேதான் இறங்கும். அதனால் ஆனி பிறந்தால் உபைதின் சாயங்காலமெல்லாம் கரோல் வீட்டு மொட்டை மாடியில்தான்.

அன்றைக்கு வரவேண்டியது சாதாரண விமானமில்லை. திமிங்கலத்துக்கு இறக்கை முளைத்தாற்போல் வயிறு பெருத்த ஒரு சரக்கு விமானம், எங்கிருந்தோ எங்கேயோ போகிற வழியில் எண்ணெய் போட இங்கே இறங்குகிறது. லண்டனில் அச்சாகும் விமானப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் உபைதுக்கு எழுதியிருந்தார்: ஊரும் தெரிய, விமானமும் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பு, அட்டையில் போடுகிறேன். அட்டையென்றால் சும்மாவா? உள்பக்கத்து மூலையில் எறும்பளவு எழுத்தில் பேர் வந்தாலே தெருத்தெருவாகக் காட்டுகிற கூட்டம் அது.

அப்படி எறும்பளவு பேர் அவனுக்கும் ஒரு தடவை வந்திருந்தது. கடற்படை விமானம் ஒன்றின் படம். அந்த இதழை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு கேமராப் பையிலேயே வைத்திருப்பான். போலீஸ் மடக்கினாலும் வாட்ச்மேன் விரட்டினாலும் எடுத்து நீட்டுவான். "ஓ, பத்திரிகையா?" என்று விட்டுவிடுவார்கள். தாயத்து மாதிரி அது.

"நீ பாத்துக்கோ, அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று கரோல் கீழே இறங்கிப் போனாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் மாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பொன்னுரங்கம் வந்தார். அபார்ட்மென்ட் சங்கத்தின் புதுச் செயலாளர். பின்னாலேயே ஏழெட்டு ஆண்கள்.

"யார்ரா நீ? இன்னா பண்ணிக்கினு கீற இங்க?"

"ஃப்ளைட்டு எடுக்கறேண்ணே. நாலாவது மாடி கரோல் அக்காவுக்குத் தெரிஞ்சவன்."

"ஃப்ளைட்டு மேல போவுது. உன் கேமரா குழா எதிர்வூட்டு ஜன்னல்ல இன்னா தேடுது?"

எதிர்க் கட்டடத்து மாடியிலிருந்து மதுமதி என்ற பெண்மணியின் குரல் தெருவைத் தாண்டி வந்தது. "அவன்தான் சார்! அரை மணியா இந்தப் பக்கமே நீட்டிக்கினு கீறான்! எம் பொண்ணு குளிச்சிட்டு ரூமுக்கு வந்த நேரம்!"

விமானம் வருகிற திசை அந்தப் பக்கம் இருந்தது உபைதின் தலையெழுத்து. வாயைத் திறக்குமுன்னே முதல் அறை விழுந்தது. காதுக்குள் விசில் ஊதினாற்போல் இருந்தது. இரண்டாவது அறைக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்து உதட்டில் உப்புக் கரித்தது. சட்டையைப் பிடித்து ஒருவன் உலுக்க, இன்னொருவன் இடுப்பில் உதைத்தான்.

"அண்ணே, அண்ணே, அடிக்காதீங்க! இதப் பாருங்க!" என்று பையிலிருந்து தாயத்தை எடுத்து நீட்டினான்.

பொன்னுரங்கம் பக்கங்களைப் புரட்டினார். எல்லாம் விமானம். பெண்ணுமில்லை, ஜன்னலுமில்லை. "நெசமாத்தான் சொல்றான் போலகீதே" என்று குரல் இறங்கிவிட்டது. சட்டையைப் பிடித்திருந்தவன்கூடக் கையை எடுத்துவிட்டான். அதோடு முடிந்திருக்க வேண்டிய சங்கதிதான்.

ஆனால் பி பிளாக்கிலிருந்து வந்திருந்த மூக்குக்கண்ணாடிக்காரருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். படத்தின் கீழே இருந்ததைச் சத்தமாகப் படித்தார். இந்தியக் கடற்படை. வாலில் எழுதிய எண். எந்தப் படைப்பிரிவு. எந்தத் தளம். படம்: உபைதுல்லா, சென்னை.

"புக்கு எந்த ஊரு சார்?"

"லண்டன்."

எல்லையில் சண்டை ஓய்ந்த சூடு இன்னும் ஆறாத மாதம் அது. டி.வி.யைத் திறந்தால் உளவாளி, மூடினால் உளவாளி.

"நம்ம நேவி ஃப்ளைட்ட நம்பரோட வெளிநாட்டுக்கு அனுப்பிக்கீறான்டா!"

"கடற்படை விழாவுல அவங்களே ஜனங்களுக்குக் காட்டனதுண்ணே. வந்தவங்க எல்லாம் எடுத்தாங்க" என்றான் உபைத். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"இது குண்டு போடற விமானம்டா!" என்று ஒருவன் கத்தினான்.

தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க விமானப் பைத்தியக்காரன் எவனாலும் முடியாது. மூக்கில் ரத்தம் ஒழுக உபைத் சொன்னான்: "குண்டு இல்லண்ணே, டார்பிடோ. வயித்துக்குள்ள வெச்சிருக்கும், தண்ணிக்கடியில போயி கப்பல..."

பேச்சை முடிக்க விடவில்லை. முழங்கால் வயிற்றில் ஏறியது. குப்புற விழுந்தவனின் முதுகில் செருப்புக் கால்கள் விழுந்தன. முகத்தைக் கையால் மூடினான். கையை விலக்கிவிட்டு மிதித்தார்கள். ஒரு பல் உடைந்து நாக்கில் கல் மாதிரி உருண்டது. யாரோ தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, "சொல்டா, யாருக்கு அனுப்பற?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கைப்பிடிச் சுவரில் மோதவிட்டான். புருவம் பிளந்து ரத்தம் ஒரு கண்ணுக்குள் வழிந்தது. பெரிய கேமராவை நீண்ட லென்ஸோடு சேர்த்து இன்னொருவன் சுவரில் அடித்தான். கண்ணாடிக் கடைக்காரன் அல்லவா, கண்ணை மூடியிருந்தாலும் எத்தனை கண்ணாடி உதிர்ந்தது என்று அவன் காதுக்குத் தெரிந்தது.

சத்தம் கேட்டு, பொங்கிய பாலை அப்படியே விட்டுவிட்டு கரோல் ஓடிவந்தாள். "அய்யோ, விடுங்கடா! மனுசங்களாடா நீங்க? அவன் எங்கூட வந்தவன்!" என்று நடுவில் பாய்ந்தாள். "நீதான் இட்டுக்கினு வந்தியா?" என்று ஒருவன் அவள் கையை முறுக்கினான். டீச்சர் அந்தக் கையைக் கடித்தாள். சதை பிய்கிற கடி. அவன் அலறி அவளைத் தள்ளியதில் தண்ணீர்த் தொட்டி முனையில் நெற்றி கிழிந்து, ஒரு கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது.

தொட்டியைப் பழுது பார்த்தபோது மிஞ்சிப்போன இரும்புக் குழாய் ஒன்று மூலையில் கிடந்தது. விரல் கனம், ஒரு கை நீளம். பொன்னுரங்கம் அதை எடுத்துக்கொண்டு வந்து உபைதின் தலைக்கு மேலே ஓங்கினார்.

அப்போது வந்தது விமானம்.

முதலில் இரைச்சல். பிறகு கடல் பக்கத்து வானத்தை அடைத்துக்கொண்டு அந்த வெள்ளை வயிறு. இறங்குகிறதா, மிதக்கிறதா என்று தெரியாத நிதானம். சின்னப் பிள்ளையானாலும் கிழவனானாலும் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. மிதித்த கால் தரைக்கு வந்தது. "டேய், இன்னாடா இது!" என்று ஒருவன் வாயைப் பிளந்தான். அடுத்த நொடி மற்ற எல்லார் கையிலும் போன். விமானத்தைப் படம் எடுத்தான் என்று ஒருவனை ரத்தம் வர அடித்தவர்கள், அவனைச் சுற்றி வட்டமாக நின்று, கையை உயர்த்தி விமானத்தைப் படம் எடுத்தார்கள்.

மாடிக் கதவு திறந்தே கிடந்தது. உபைதுக்கும் அதற்கும் நடுவே ஒருவருமில்லை.

"ஓடுடா!" என்று கரோல் கத்தினாள். "உபைத், ஓடுடா!"

அவன் கதவைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். கை பைக்குள் போனது. பழைய சின்ன கேமராவை எடுத்தான். மல்லாந்து படுத்தபடியே, ரத்தம் வழியாத ஒரே கண்ணில் அதை ஒட்டிக்கொண்டு, அமுக்கினான். அமுக்கிக்கொண்டே இருந்தான்.

விமானம் தாண்டிப் போனது. பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார்.

"இன்னும் எடுக்கறியாடா நாயே!"

குழாய் இறங்கியது. உபைத் தூக்கிய வலது கையில் விழுந்தது முதல் அடி. விறகு முறிகிற சத்தம் கேட்டது. கை தரையில் விழுந்த பிறகும் அதே இடத்தில் மறுபடி அடித்தார், மறுபடியும் அடித்தார். உபைத் போட்ட கூச்சல் தெருமுனை வரை போனது. கரோல் ஊர்ந்து வந்து கேமராவின் மேல் குப்புற விழுந்தாள். அவள் முதுகிலும் இரண்டு விழுந்தன. கீழ்வீட்டுக்காரர் யாரோ போன் போட்டு ரோந்து வண்டி வந்தபோது, மாடியில் ரத்தமும் அவர்கள் இரண்டு பேரும்தான் மிச்சம்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு எலும்பைச் சேர்க்கத் தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிடும், நரம்புக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர். ஆள்காட்டி விரல் ஆணி அடித்தாற்போல் நீட்டிக்கொண்டு நின்றது. மடங்கவில்லை. கேமராவில் அமுக்குகிற பொத்தான் வலப்பக்கத்தில்தான் இருக்கும். இடது கைக்காரனுக்கென்று எந்தக் கம்பெனிக்காரனும் செய்வதில்லை.

போலீஸ் விசாரித்தது. பொன்னுரங்கம் முதல் பி பிளாக் கண்ணாடிக்காரர் வரை எல்லாருக்கும் ஒரே பாட்டு: "மாடிக்கே போவல சார். படியில உருண்டுட்டான் போல."

கரோல் கேமராவைக் கொண்டுபோய்க் காட்டினாள். வட்டமாக முகங்கள், கைகள், போன்கள், ஓங்கிய குழாய் ஒன்று, நடுவே விமானம். ஆனால் பின்னால் வானம் வெளிச்சமாக இருந்ததால் ஆட்கள் அத்தனை பேரும் கரிக்கட்டை. "எல்லாம் நிழலா கீதே டீச்சர். யாருன்னு நான் எழுதறது?" என்றார் இன்ஸ்பெக்டர். வழக்கு அப்படியே நின்றது.

அதே படத்தைத்தான் உபைத் இடது கையால் தட்டுத்தடுமாறி லண்டனுக்கு அனுப்பினான். என்ன நடந்தது என்று எழுதவில்லை. படம் மட்டும். அட்டையில் வந்தது. உள்ளே ஒரு வரி: "சென்னையில் ஒரு மொட்டை மாடி. போனும் செல்ஃபி ஸ்டிக்குமாக உற்சாக வரவேற்பு. படம்: உபைதுல்லா." ஓங்கிய இரும்புக் குழாய் லண்டன்காரர் கண்ணுக்கு செல்ஃபி ஸ்டிக்காகத் தெரிந்திருக்கிறது, பாவம்.

அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் யாரோ அட்டையைப் போட்டார்கள். உபைதின் பேரை வெட்டிவிட்டுத்தான். கரோலும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பது எவனுக்கும் நினைவில்லை. உபைத் கரோல் வீட்டு சோபாவில் கட்டோடு உட்கார்ந்திருக்க, அவள் வாசித்தாள்.

"நம்ம அபார்ட்மென்ட் லண்டன் புக்குல! பெருமையா இருக்கு!"

"இடது பக்கம் மோதிரம் போட்ட கை என்னுது."

"ரெண்டு கையால போன் புடிச்சிருக்கறது நான். வழுக்கை தெரியுது பாருங்க."

பிறகு ஒருத்தர்: "நடுவுல ஸ்டிக்கோட கம்பீரமா நிக்கறது நம்ம பி பிளாக் சார்தானே?"

"பொன்னுரங்கம் எழுதுவானா அக்கா?" என்றான் உபைத்.

"சும்மா இரு."

பொன்னுரங்கம் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. தன் இடத்தில் இன்னொருவனுக்கு மாலை விழுவதை எந்தச் செயலாளர்தான் பொறுப்பார்?

"அது அவரு இல்ல. ஸ்டிக்கோட நிக்கறது நான்."

"அக்கா, அழிச்சிடப் போறான், ஸ்க்ரீன்ஷாட் எடு, எடு!"

"எடுத்துட்டேன்டா" என்றாள் கரோல். அன்றைக்கே அதை இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

ஸ்டேஷனில் பொன்னுரங்கத்தின் கன்னம் ஏற்கெனவே சிவந்து வீங்கியிருந்தது. யார் அறைந்தது என்று உபைத் கேட்கவில்லை. பார்க்கவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. அவர் மேசையைச் சுற்றி வந்து அவன் காலருகே உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, புள்ளகுட்டிக்காரன்பா. ஏதோ வெறியில பண்ணிட்டேன். கேஸ வாபஸ் வாங்கிக்கோ நைனா. அந்த மாடி இனிமே உன்னுது. எப்ப வேணா வந்து எடு."

உபைத் வலது கையை மேசைமேல் வைத்தான்.

"இந்த விரல மடக்கு."

"இன்னாப்பா?"

"நீயே புடிச்சு மடக்கு. மடங்கிச்சுன்னா வாங்கிக்கறேன்."

பொன்னுரங்கம் எழுந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். கரோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொன்னுரங்கம் இரண்டு கையாலும் அந்த விரலைப் பிடித்தார். மெதுவாக அழுத்தினார். உபைதின் நெற்றியில் வியர்வை முத்துக்கட்டியது. உடைந்த பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டான். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். விரல் அசையவில்லை.

"விட்டுடு" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு எழுத்தரிடம் திரும்பினார். "எழுதிக்கோப்பா."