தோளில் தங்கிய கை

ரொட்டித் தொழிற்சாலை அடுப்புக்காரரின் வலது கை அவருடைய மைத்துனனின் தோளில் ஒட்டிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணித் தேநீர் வேளையில். கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்டு அரசாங்கத்துக்குப் பெயரில்லாமல் ஒரு மனு போயிருந்தது. எழுதியது யாரென்று முதலாளிக்குத் தெரிய வேண்டும். அடுப்புக்காரருக்குத் தெரியும், மனைவியின் தம்பிதான் எழுதினான், அதுவும் அவர் வீட்டு மேசையில், அவருடைய பேனாவால். வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். ஆகவே, "நான் யார் தோள்ல கை போடுறேனோ, அவன்தான்" என்று முதலாளியோடு பேச்சு. முப்பது புது ரூபாய்த் தாள்கள் முன்னதாகவே கைமாறின. போட்ட கையை எடுக்கப் பார்த்தபோது அது வரவில்லை.

மைத்துனனை வேலையைவிட்டு வெளியே அனுப்பியபோது அடுப்புக்காரரும் கூடவே வாசலைத் தாண்ட வேண்டியதாயிற்று. "எனக்காக வேலைய விட்டுட்டு வர்றீங்களே மாமா" என்று அவன் வழியெல்லாம் கண்கலங்கினான். கை வராததற்கும், அதிர்ச்சியில் நரம்பு பிடித்துக்கொண்டது என்று அவனே காரணம் கண்டுபிடித்தான். மனைவி எண்ணெய், சோப்பு, பனிக்கட்டி எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு இருவருக்கும் சேர்த்து ஒரே பாய் விரித்தாள். வைத்தியர் தட்டிப் பார்த்து, ஒட்டியிருக்கிறது என்று சொல்லிக் கட்டணம் வாங்கிக்கொண்டார்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. பழைய பாக்கி என்று மைத்துனனிடம் பொய் சொல்லி, அவனோடேயே முதலாளி வீட்டுக்குப் போனார். "எனக்கெதுக்குய்யா இது? உன் பாடு" என்று ஜன்னல் சாத்தப்பட்டது.

ஏழாவது ஞாயிறு, கோயிலில் பாதிரியார், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசைப் பற்றிப் பேசினார். "வாங்கின முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தான். ஆனா எங்க? வாங்கின இடத்துல. யாரைக் காட்டிக்கொடுத்தானோ அவர்கிட்ட மட்டும் போகல. அவரோ, பிடிக்க வந்தப்பவும் அவனை சிநேகிதனேன்னுதான் கூப்பிட்டார்."

"பாவம் மாமா அவன்" என்று மைத்துனன் காதோரம் சொன்னான்.

அடுப்புக்காரரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "மாப்ள, உன்னைக் காட்டிக்கொடுத்தது நான்தான்டா."

அவன் கேட்டான்: "எவ்ளோ?"

"முப்பது."

"அவ்ளோதானா?"

பிறகு நான்கு நாள் அவன் பேசவில்லை. முதுகைக் காட்டிச் சாப்பிட்டான், முதுகைக் காட்டிப் படுத்தான். கை இருந்த வாகுக்கு அது வசதியாகவே இருந்தது. அக்காக்காரி அந்த முப்பதையும் எடுத்துப்போய், ஆளில்லாத பிணங்களைப் புதைக்கும் நிதியில் போட்டாள். கணவனுக்கு அவள் ஊற்றிய தேநீரில் நான்கு நாளும் சர்க்கரை இல்லை.

ஐந்தாம் நாள், வேறொரு ரொட்டிக் கடையில் வேலை கேட்டுப் போகும் பேருந்தில், மைத்துனன் தோளை இரண்டுமுறை குலுக்கினான்.

"மாமா, நடு முதுகுல அரிக்குது. கொஞ்சம் சொறிங்க."

சொறிய வேண்டுமென்றால் கை நகர வேண்டும். நகர்ந்தது. அவர் நன்றாகச் சொறிந்துவிட்டார். அதன்பின் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துப் பார்த்தார், கம்பியைப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன மாமா, அங்கயும் இங்கயும் அலைபாயுறீங்க? பழைய இடத்துலயே போடுங்க" என்றான் அவன்.

போட்டார். நடத்துனர் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.