இரண்டாவது காது

வல்லத்திராக்கோட்டைக் கோயிலில் என் அண்ணி சத்யபிரியாவின் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் கார்முகில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, குழந்தையை மடியில் வைத்திருந்தார். ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் குழந்தை வீறிட்டது. அண்ணி அதை வாங்கி, அங்கேயே பால் கொடுக்க உட்கார்ந்தாள்.

“ஆம்பளைக இத்தனை பேரு இருக்கோம், வெக்கமா இல்ல? வேனுக்கு அங்கிட்டு போ,” என்றார் கார்முகில்.

அண்ணி எழுந்து போனாள். நாங்கள் வந்த வேனுக்குப் பின்னால் கொளுத்தும் வெயில். குழந்தை பாதிகூடக் குடிக்கவில்லை, அதற்குள் அடுத்த காதுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மடியில் அது துள்ளிய துள்ளலில் ஆசாரி ஊசியைக் கீழே வைத்தார்.

“இப்படித் தலைய ஆட்டுனா கண்ணுல குத்திரும். பால் குடுக்கச் சொல்லுங்க, அசையாது.”

“மாமன் மடியிலதான் குத்தணும். நேரம் வேற முடியுது,” என்றார் கார்முகில்.

“அப்ப நீங்களே குடுங்கண்ணே. சட்டையத்தான் கழட்டிட்டீங்களே,” என்றாள் அண்ணி.

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணி குழந்தையை எடுத்து, எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து பால் கொடுத்தாள். ஆசாரி மறு காதைக் குத்தினார். குழந்தை ஒருமுறை முனகிவிட்டுத் தொடர்ந்து குடித்தது.

மீசையோடு சுற்றி நின்ற அத்தனை ஆண்களில் ஒருவருக்கும் கண் அவிந்துபோகவில்லை.