ஒரு கூடை மேல்மண்

1

அணுகுண்டை வைத்து ஆறுதலாக ஒரு கதை எழுத முடியுமா என்று என் மனைவி கேட்டாள். முடியும் என்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன். அதில் பிறந்தது இது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மண்வெட்டியை ஓங்கியபடி அண்ணன்...' வேண்டாம். மண்வெட்டி இப்போதே வந்தால் நீங்கள் ரத்தத்துக்குக் காத்திருப்பீர்கள்.

2

மண் ஆய்வுக்காரி வரப்பில் நிற்கிறாள். மேல்வயல் அண்ணனுடையது, பயிர் வெளிறிக் கிடக்கிறது. கீழ்வயல் தம்பியுடையது, தளதளவென்று நிற்கிறது. இருவருக்கும் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை.

(எந்தக் காலத்திலோ வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளின் தூசு, மழையோடு உலகெங்கும் இறங்கி மேல்மண்ணில் ஒட்டிக்கொண்டது. மண் அரித்துப் போன இடத்தில் அது குறையும், சேர்ந்த இடத்தில் கூடும். அவள் கருவியால் அளந்தது அந்த மிச்சத்தைத்தான். 'கடவுள் குப்பையைக்கூட வீணாக்குவதில்லை' என்று எழுதி அடித்தேன். அடித்தது தெரியட்டும்.)

"சொல்லும்மா, எம் மண்ணு எங்க?" என்றார் அண்ணன்.

உண்மையைச் சொன்னால் வெட்டு விழும். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"கீழ வந்திருக்குங்க. ஆனா..."

"வரப்ப வெட்டி வாரிட்டானான்னு அந்தத் திருட்டுப்பயகிட்ட கேளும்மா!"

"மழை எங்கிட்ட கேட்டுக்கிட்டா பெய்யுதுன்னு அவருகிட்ட கேளுங்க மேடம். சரிவுல மேலருந்து கீழ உழுதா மண்ணு நிக்குமா?" என்றான் தம்பி, கீழ்வயலில் நின்றபடி.

"யார் எடுத்தாங்கன்னு கருவி சொல்லாதுங்க. போன வழியத்தான் சொல்லும்" என்றாள் அவள். யார் காதிலும் விழவில்லை. அண்ணன் மண்வெட்டியை ஓங்கினார்.

3

இங்கே எனக்குத் தம்பிமேல் சந்தேகம். ஒரு பிரதியில் அவன் வரப்பை வெட்டினான். இன்னொன்றில் மழைதான் உடைத்தது. இரண்டையும் கிழித்துவிட்டேன். எழுதுகிறவனுக்கே தெரியவில்லை என்றால் நம்புவீர்களா?

தெரிந்தது இவ்வளவுதான். தம்பி குனிந்து, அங்கே கிடந்த கூடையில் தன் வயலின் மேல்மண்ணை அள்ளினான். தனியாகத் தூக்க முடியவில்லை. ஆய்வுக்காரி ஒரு பக்கம் பிடித்துத் தலையில் ஏற்றிவிட்டாள். அவன் வரப்பேறி, ஓங்கிய மண்வெட்டிக்குக் கீழே போய் நின்றான்.

"அண்ணே, இத எங்க கொட்டட்டும்?"

ஒரு கூடையால் ஒரு வயல் நிறையாது. ஆனால் 'அவரு' போய் 'அண்ணே' வந்துவிட்டது.

4

"அந்த அண்ணனைக் கையை இறக்கச் சொல்லுங்களேன்" என்கிறாள் மனைவி. நான் எழுதினால் இறக்குவார். அது என் பேனா இறக்கிய கையாகிவிடும். மண்ணைப் பரப்பவும் அதே மண்வெட்டிதான் வேண்டும்.

நீங்கள் அவர் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். சீக்கிரம். தம்பிக்குக் கழுத்து வலிக்கிறது.