நோட்டில் இருந்த பதில்

மின்கட்டண ஆணையத்தில் அவளுக்கு ‘டேப்பு’ என்று பெயர். விசாரணை மண்டபத்தின் ஒலிப்பதிவுக் கருவி பழுதாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. அதை யாரும் தேடவில்லை. யார் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் ஒரு சொல் சிந்தாமல் சுருக்கெழுத்தில் பிடித்துவிடுவாள். பதினோரு வருடமாக வேலை பார்த்தும் இன்னும் தற்காலிக ஊழியர்தான்.

அந்த வாரம் மண்டபம் நிரம்பி வழிந்தது. கம்ப்யூட்டர்களை மட்டுமே அடுக்கி வைக்கும் பெரிய டேட்டா சென்டர் ஒன்று வரப்போகிறது. பாதி நகரம் குடிக்கும் மின்சாரத்தை அது ஒன்றே குடிக்கும். அதற்கென்று புது உயரழுத்தக் கம்பி, புது துணைமின்நிலையம் எல்லாம் வேண்டும். செலவு யார் தலையில் என்பதுதான் வழக்கு.

இரண்டாம் நாள், பொதுமக்கள் வரிசையிலிருந்து மருந்துக்கடைக்காரம்மா ஒருத்தி எழுந்தாள். அஞ்சு வருஷத்துல அந்தக் கம்பெனி மூட்டை கட்டிட்டுப் போயிட்டா என்ன ஆகும் என்று கேட்டாள். மின்விநியோகத் திட்டப் பொறியாளர் யோசிக்காமல் வாயை விட்டுவிட்டார். “மிச்சச் செலவு எல்லார் வீட்டு பில்லுலயும்தான் ஏறும். அவங்களைக் கட்டிப்போட ஒப்பந்தத்துல ஒண்ணும் இல்ல.”

டேப்பு அதையும் எழுதிக்கொண்டாள். அவளுக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான்.

மதியம் ஆணையச் செயலர் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். உள்ளே கம்பெனி வக்கீல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். செயலர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பொறியாளர் வாய் தவறிச் சொல்லிவிட்டாராம், டைப் பிரதியில் அந்தப் பதில் வேண்டாமாம், நோட்டையும் காலையில் தன்னிடம் கொடுத்துவிடவேண்டுமாம். கடைசியில் சிரித்தபடி சொன்னார்:

“உங்களை நிரந்தரம் பண்ற ஃபைலு என் மேஜைலதாம்மா இருக்கு.”

வக்கீல் அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை நிதானமாகப் படித்தார். இருக்கைக்கு வந்து, டைப் பிரதியிலிருந்து அந்தப் பதிலை அழித்தாள்.

வீட்டோடு சேர்ந்தது அக்காவின் இஸ்திரிக் கடை. சாயங்காலம் அவள் படியேறியதுமே அக்கா ஒரு சட்டையை எடுத்துக் காட்டினாள். முன்பின் தெரியாத ஆள் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனாராம். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. எப்போது வேண்டும் என்றும் சொல்லவில்லை, எவ்வளவு என்றும் கேட்கவில்லையாம்.

“‘உங்க தங்கச்சி நல்லா டைப் அடிப்பாங்களாமே’ன்னாரு. உன்னைத் தெரிஞ்சவரா?”

டேப்பு தெரியாது என்று தலையை மட்டும் ஆட்டினாள். விஷயத்தைச் சொன்னால் அக்காவும் தூங்கமாட்டாள். ஜன்னல் தாழ்ப்பாளை மூன்று முறை சரிபார்த்தாள்.

காலையில் செயலர் மண்டப வாசலிலேயே நின்றிருந்தார். நோட்டைக் கேட்டுக் கையை நீட்டினார். அவள் பையைத் திறக்கப் போனபோது மணி அடித்தது. ஆணையத் தலைவர் ஏற்கெனவே நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஓய்வு பெற்ற நீதிபதி அம்மாள், தாமதம் பிடிக்காதவர். “முடிஞ்சதும் தரேன் சார்” என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே ஓடினாள். தைரியம் வந்து செய்த காரியமல்ல. இரண்டு பயங்களில் எது பக்கத்தில் இருந்ததோ அதற்குப் பணிந்தாள்.

மருந்துக்கடைக்காரம்மா எழுந்து, காலையில் எல்லோருக்கும் கொடுத்திருந்த டைப் பிரதியை உயர்த்திக் காட்டினாள். தான் நேற்றுக் கேட்ட கேள்வி இருக்கிறது, பதிலைக் காணோம் என்றாள். பொறியாளர் அப்படி எதுவும் சொன்னதாக நினைவில்லை என்றார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “டைப்பை விடுங்க. நோட்டைப் படிங்கம்மா.”

டேப்பு எழுந்தாள். செயலரும் வக்கீலும் இமைக்காமல் பார்ப்பதை நிமிராமலே அவளால் உணர முடிந்தது. கண் அவளை அறியாமலே ஒரு வரியைத் தாண்டிப் போயிற்று. அப்படியே விட்டுவிடலாம், அவள் சுருக்கெழுத்தை அங்கே வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் பழக்கம் விடவில்லை. திரும்பி வந்து முழுப் பதிலையும் வாசித்தாள்.

“இது ஏன் பிரதில இல்ல?”

“நான்தான் எடுத்தேன் மேடம். எடுக்கச் சொன்னாங்க.”

“யாரு?”

“செயலர் சார்” என்றாள். அவளுக்கே கேட்காத குரல். தலைவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள்.

நோட்டை அங்கேயே உறையிலிட்டு முத்திரை வைத்தார்கள். செயலர் விடுப்பில் அனுப்பப்பட்டார். ஆறு வாரம் கழித்து உத்தரவு வந்தது. கம்பிக்கும் துணைமின்நிலையத்துக்கும் ஆகும் செலவைக் கம்பெனி முன்கூட்டியே கட்டவேண்டும், பாதியில் போனாலும் ஒரு காசு திரும்பாது, வீட்டு பில்லில் எதுவும் ஏறக்கூடாது. மருந்துக்கடைக்காரம்மா தாழ்வாரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டேப்புக்குக் கையை விடுவித்துக்கொண்டு ஓடவேண்டும் போலிருந்தது. யாராவது பார்த்துவிட்டால்?

அவளுடைய ஃபைல் வேறு பிரிவுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். செயலர் வேறு கட்டிடத்தில் வேறு பதவியில் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு யாரும் அவளை மிரட்டவில்லை. ஆனாலும் பின்னால் ஒரு வண்டி மெதுவாக வந்தால் அவள் கால் தானாக நின்றுவிடுகிறது.

எல்லாவற்றையும் ஒருநாள் அக்காவிடம் சொன்னாள். அக்கா திட்டவில்லை. மறுநாளிலிருந்து அரைமணி முன்னதாகவே கடையைச் சாத்திவிட்டு, பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கிறாள். வேண்டாம் என்று டேப்பு ஒருநாளும் சொன்னதில்லை.